தீவாக்கப்பட்ட மின்சாரம்: மைக்கேல் பரடேயின் வாழ்வும் நமது மின்பெட்டிகளும்

புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு காலைப் பொழுது நின்றால், நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் என்னென்ன போகின்றன என்பதைக் கண்ணால் பார்க்கலாம். அரிசி மூட்டை, சீமெந்து, எரிபொருள், சமையல் வாயு, பாடசாலைக் கொப்பிகள், அம்மனுக்குப் பூமாலை. தீவுகளுக்கு வேண்டிய எதுவும் கடலைத் தாண்டித்தான் போக வேண்டும். மின்சாரமும் அப்படித்தான். நெடுங்காலமாக அது டீசலாகப் படகேறிப் போய், அங்கே மின்பிறப்பாக்கியில் எரிந்து ஒளியானது.

அந்த நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் சூரிய ஒளி, காற்று, பற்றரி, டீசல் ஆகியவை சேர்ந்து இயங்கும் கலப்பு மின் திட்டத்துக்கான ஒப்பந்தம் 2024 மார்ச் 1 ஆம் திகதி கைச்சாத்தானது. இந்திய அரசின் 11 மில்லியன் அமெரிக்க டொலர் நன்கொடை அதற்கு உண்டு. இத்தகைய திட்டம் என்றதும் நமக்குச் சூரியத் தகடும் காற்றாடியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் திட்டத்தின் மூளையும் நரம்பும் இருப்பது ஓர் அறைக்குள், பூட்டிய இரும்புப் பெட்டிகளுக்குள். சுற்றுடைப்பான், ரிலே, நிலைமாற்றி, கட்டுப்பாட்டுக் கருவி, நூற்றுக்கணக்கான கம்பிகள், அவற்றோடு பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு கம்பி. புங்குடுதீவில் கிணற்றடியில் இருக்கும் நீர்ப்பம்பியின் சிறிய மின்பெட்டியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அந்தப் பெட்டிகளைத் திறந்து வேலை செய்யப்போகிறவர்கள் நமது பிள்ளைகள். அவர்கள் உயிரோடு வீடு திரும்புவது, எந்தக் கம்பி எதனோடு சேர்ந்திருக்க வேண்டும், எது எதனோடு சேரவே கூடாது என்ற அறிவில் தங்கியிருக்கிறது. அந்த அறிவின் பெரும்பகுதிக்கு அடித்தளம் போட்டவர் கல்லூரி வாசலையே மிதிக்காத ஒரு கொல்லனின் மகன்.

தீவும் காவலும்

ஒரு சொல்லில் இருந்து தொடங்கலாம். மின்கம்பியின் மேலுறையை நாம் இன்சுலேசன் என்கிறோம். அந்தச் சொல்லின் வேர் இன்சுலா என்ற லத்தீன் சொல். அதன் பொருள் தீவு. ஒரு மின்சுற்றை இன்னொன்றில் இருந்து பிரித்து வைப்பதைக் குறிக்கும் ஐசொலேசன் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். கடல் சூழ்ந்த நிலத்தைப் போல, மின்னேற்றம் கொண்ட பொருளைச் சுற்றி மின்சாரம் கடக்க முடியாத ஒன்றை வைப்பது தீவாக்குதல். தமிழில் அதைக் காவல் என்ற சொல்லால் காவலி என்கிறோம். இரண்டு சொற்களும் சேர்ந்தால் பொருள் முழுமையாகிறது: தீவாக்கினால் காவல் உண்டு.

புத்தகம் கட்டிய பையன்

மைக்கேல் பரடே 1791 செப்டெம்பர் 22 ஆம் திகதி, இன்று லண்டனின் பகுதியாக இருக்கும் நியூவிங்டன் பட்ஸில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் கொல்லர்; உடல்நலம் குன்றியவர். வீட்டில் வறுமை. எழுத, வாசிக்க, கூட்டிக் கழிக்க மட்டும் கற்ற நிலையில் பையனின் படிப்பு நின்றது. 14 வயதில் ஜோர்ஜ் ரீபோ என்ற புத்தக வியாபாரியிடம் புத்தகம் கட்டும் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழு வருடங்கள் அங்கே இருந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களை இரவில் வாசித்தார். பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவரைப் பிடித்துக்கொண்டது. கையில் கிடைத்த சில்லறையில் போத்தலும் கம்பியும் வாங்கித் தானே சோதனைகள் செய்து பார்த்தார்.

1812 இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ரோயல் இன்ஸ்டிடியூசனில் சேர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய விரிவுரைகளுக்கு நுழைவுச்சீட்டுக் கொடுத்தார். இளைஞர் ஒரு சொல் விடாமல் குறிப்பெடுத்தார். படம் வரைந்து, தன் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் அங்கு ஆய்வுகூட உதவியாளர் வேலை கிடைத்தது. அதே ஆண்டு டேவியோடு ஐரோப்பாவுக்குப் பயணம் போனார். விஞ்ஞான உதவியாளராகப் போனவர் வழியில் பணியாளின் வேலைகளையும் செய்ய நேர்ந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். பொறுத்துக்கொண்டு, கண்டதை எல்லாம் கற்றுத் திரும்பினார்.

ஆய்வுகூடம் பாதுகாப்பான இடமாக இருக்கவில்லை. வெடிக்கும் இரசாயனங்களோடு வேலை செய்து டேவியும் காயப்பட்டார், பரடேயும் காயப்பட்டார். 1823 இல் நடந்த ஒரு வெடிப்பில் கண்ணாடித் துண்டுகள் பரடேயின் கண்ணுக்குள் போயின. ஆபத்து என்பது தோலால் அவர் அறிந்த பாடம்.

தொடாமல் கடத்திய வளையம்

1831 ஆகஸ்ட் 29. பரடே ஒரு மெல்லிரும்பு வளையத்தை எடுத்தார். விட்டம் 6 அங்குலம். அதன் ஒரு பக்கத்தில் செப்புக் கம்பியைப் பல சுற்றுகள் சுற்றினார். மறுபக்கத்தில் இன்னொரு கம்பியைச் சுற்றினார். அந்தக் காலத்தில் உறையிட்ட மின்கம்பி கடையில் கிடைக்காது. எனவே சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் சணல் நூலையும், அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் பருத்தித் துணியையும் வைத்துத் தானே காவல் செய்தார். ஒரு சுற்றை பற்றரியோடு இணைத்தபோது, அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாத மறுசுற்றில் மின்னோட்டங்காட்டியின் ஊசி துள்ளியது. பற்றரியைக் கழற்றியபோது எதிர்ப்பக்கம் துள்ளியது.

பாடப்புத்தகங்கள் இதை மின்காந்தத் தூண்டல் என்று சொல்கின்றன. உலகின் எல்லா நிலைமாற்றிகளுக்கும் மூதாதை இந்த வளையம்தான். ஆனால் இதில் நாம் கவனிக்காமல் விடும் ஒரு பாதி இருக்கிறது. சக்தி ஒரு கம்பியில் இருந்து மறு கம்பிக்குப் போனது, இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் பருத்தித் துணி இருந்தது. இணைக்காமலே கொடுக்கலாம் என்பதை அந்த வளையம் காட்டியது.

இன்றைய கட்டுப்பாட்டுப் பெட்டியில் இதன் பயன் நேரடியானது. மோட்டர் 230 அல்லது 400 உவோல்ட்டில் ஓடும். ஆனால் அதை ஓட்டவும் நிறுத்தவும் மனிதர் அழுத்தும் பொத்தான், தாங்கியின் நீர்மட்டம் காட்டும் மிதவை, உணரிகள் ஆகியவை பல பெட்டிகளில் 24 உவோல்ட்டில் இயங்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது தனிச் சுருள்கள் கொண்ட ஒரு நிலைமாற்றி. ஈரக் கையோடு பொத்தானைத் தொடுபவருக்கும் பிரதான மின்சாரத்துக்கும் இடையில் கடல் போல நிற்பது அந்தப் பிரிவுதான். விலை குறைவு என்று ஒற்றைச் சுருள் நிலைமாற்றியை அங்கே வைத்தால் 24 உவோல்ட் வரும், மானியும் சரியென்று காட்டும். ஆனால் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே தாம்போதி போட்டாயிற்று. ஒரு நாள் அந்தச் சுருள் அறும்போது 230 உவோல்ட்டும் பொத்தானுக்கு வந்துவிடும்.

பெட்டிக்குள் புகுந்தவர்

1836 ஜனவரியில் பரடே இன்னொரு காரியம் செய்தார். 12 அடி நீள, அகல, உயரத்தில் மரச்சட்டம் அடித்து, அதைச் செப்புக் கம்பியாலும் வெள்ளீயத் தாளாலும் போர்த்தி ஓர் அறை ஆக்கினார். அந்த அறை தரையைத் தொடாதபடி காவலிகளின் மேல் நின்றது. பெரிய மின்பொறியால் அதற்கு மின்னேற்றம் கொடுக்கச் சொல்லிவிட்டு, மெழுகுதிரியும் மின்காட்டிகளும் எடுத்துக்கொண்டு தானே உள்ளே புகுந்தார். வெளிச்சுவரில் இருந்து தீப்பொறிகள் பறந்தன. உள்ளே இருந்தவருக்கு ஒன்றும் இல்லை. மிக நுண்ணிய கருவி கூட உள்ளே அசையவில்லை. மின்னேற்றம் கடத்தியின் வெளிப்பரப்பிலேயே தங்குகிறது என்பது நிரூபணமானது. இன்று அதைப் பரடே கூடு என்கிறோம்.

இரும்புப் பெட்டிக்குள் கட்டுப்பாட்டுக் கருவியை வைப்பதற்கும், உணரிக் கம்பிகளுக்கு உலோகப் பின்னலுறை போடுவதற்கும் இதுவே அடிப்படை. வெளியே மோட்டர்கள் எழுப்பும் மின் இரைச்சல் உள்ளே புகுந்து பொய்ச் செய்தி கொடுக்காமல் அந்த உறை தடுக்கும்.

ஆனால் அந்தச் சோதனையை வெளியில் நின்றவரின் கண்ணால் ஒரு முறை பார்க்க வேண்டும். உள்ளே பரடே பாதுகாப்பாக இருந்தார். வெளியே நின்ற ஒருவர், கால் தரையில் இருக்க, கையை அந்தச் சுவரில் வைத்திருந்தால்? தீப்பொறி அவர் மேல்தான் பாய்ந்திருக்கும். கூடு உள்ளே இருப்பவரைக் காக்கும். வெளியே நிற்பவரைக் காக்காது. நமது மின்பெட்டிகளுக்குள் மனிதர் இருப்பதில்லை. மனிதர் எப்போதும் வெளியேதான் நிற்கிறார், மண் தரையில், பல வேளை செருப்பும் இல்லாமல். அதனால்தான் பெட்டியின் உலோகம் புவியோடு இணைக்கப்பட வேண்டும். பச்சையும் மஞ்சளுமான அந்தக் கம்பியின் வேலை அதுதான். உள்ளே ஒரு கம்பி உரிந்து பெட்டியில் பட்டால், மின்சாரம் மனிதரைத் தேடாமல் மண்ணுக்குப் போக அது வழி விடுகிறது.

வழி விட்டால் மட்டும் போதாது. ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். பெட்டியில் இருந்து மண்ணுக்குப் போகும் பாதையின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 உவோல்ட்டில் அதனூடாக ஓடக்கூடியது 4.6 அம்பியர். பெட்டியில் இருக்கும் 20 அம்பியர் சுற்றுடைப்பான் இதற்கு அசையாது. பெட்டியோ 230 உவோல்ட்டுக்குக் கிட்டிய அழுத்தத்தோடு தொடுபவருக்காகக் காத்திருக்கும். எனவேதான் நாம் ட்ரிப் சுவிட்ச் என்று அழைக்கும் கசிவு மின்னோட்டக் காவல் அவசியமாகிறது. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. மனித உயிர் காக்கப் பொருத்தும் வகை 30 மில்லி அம்பியர் குறைந்தாலே துண்டித்துவிடும். அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேரடியாக இணைப்பவர், விழுந்ததற்கான காரணத்தை அல்ல, காவல்காரனைத்தான் வெளியேற்றுகிறார்.

உப்பும் சுண்ணக்கல்லும்

தீவுப்பகுதியில் இந்தப் பாடம் இன்னும் கடினமானது. இங்கே சுண்ணக்கல்லின் மேல் மண் பல இடங்களில் மெல்லிய படைதான். கோடை முற்றும்போது அது காய்ந்துபோகும். மாரியில் நல்ல அளவு காட்டிய புவிக் கம்பி ஆவணி வெயிலில் அதே அளவைக் காட்டாது. கடற்காற்றின் உப்பு இணைப்பு ஆணிகளை அரித்துவிடும்; வெளியே பார்த்தால் கம்பி இருக்கும், உள்ளே தொடர்பு அற்றிருக்கும். காவலிகளின் மேல் படியும் உப்பு, பனியில் நனைந்ததும், மின்சாரம் ஊர்ந்து செல்லும் பாதையாகிவிடும். ஆகவே புவி இணைப்பை ஒரு முறை அடித்து விட்டு மறந்துவிட முடியாது. காய்ந்த காலத்தில் மானி வைத்து அளக்க வேண்டும், ஈரம் உள்ள ஆழம் வரை கம்பி போக வேண்டும், தேவையானால் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பிகளை இணைக்க வேண்டும்.

அணைத்த பிறகும் அடித்த கம்பி

பரடேயின் மூன்றாவது பாடம் கடலுக்கடியில் இருந்து வந்தது. தந்திக் கம்பிகளைக் கடல் கடந்து கொண்டுபோக அன்று ஐரோப்பா துடித்தது. தண்ணீருக்குள் கிடந்தும் காவல் கெடாத ஒரு பொருள் தேவைப்பட்டது. அது மலாயாக் காடுகளில் கிடைத்தது. கட்டாபேர்ச்சா என்ற மரப்பால். பின்னாளில் யாழ்ப்பாணத்தவர் எழுதுவினைஞர்களாகவும் புகையிரத ஊழியர்களாகவும் போய்ச் சேர்ந்த அதே மலாயா. அந்த மரப்பால் நல்ல காவலி என்பதைப் பரடே 1848 இல் எழுதி அறிவித்தார்.

சில ஆண்டுகளின் பின் அத்தகைய கம்பியின் 100 மைல் நீளத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்து அவர் சோதித்தார். பற்றரியை இணைத்துப் பின் கழற்றிவிட்டார். கம்பி இப்போது எதனோடும் சேர்ந்திருக்கவில்லை. ஆனாலும் அதைத் தொட்டவருக்கு அதிர்ச்சி கிடைத்தது. உள்ளே செம்பு, வெளியே நீர், நடுவில் காவல் உறை: முழுக் கம்பியும் மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் பெரிய ஜாடியாகி இருந்தது. இந்தக் கண்டுபிடிப்பு 1854 இல் வெளியானது. கடலடித் தந்தி ஏன் மந்தமாக ஓடியது என்பதற்கு விளக்கமும் அதிலேயே கிடைத்தது.

ஆளியை அணைத்துவிட்டேன், இனிப் பயமில்லை என்று கை வைக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய சேதி இது. மோட்டரின் வேகத்தை மாற்றும் கருவிக்குள்ளும், சூரிய மின்சாரத்தை மாற்றித்தரும் இன்வேட்டருக்குள்ளும் கொள்ளளவிகள் உண்டு. மின்சாரத்தை அணைத்த பின்னும் அவை சில நிமிடங்கள் ஏற்றத்தோடு இருக்கும். சூரியத் தகடோ வெயில் உள்ளவரை மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். அதற்கு ஆளி கிடையாது. கலப்பு மின் திட்டத்தில் ஒரே பெட்டிக்கு நான்கு திசையில் இருந்து மின்சாரம் வரலாம். எனவே ஒழுங்கு இதுதான்: எல்லா மூலங்களையும் துண்டித்தல், துண்டித்த ஆளியைப் பூட்டித் திறப்பைத் தன் சட்டைப்பையில் வைத்தல், அங்கே அறிவிப்புத் தொங்கவிடல், குறித்த நேரம் காத்திருத்தல், மானியால் சோதித்தல், தேவையான இடத்தில் புவியோடு இணைத்தல், அதன் பிறகே கை வைத்தல்.

சுரங்கமும் வெளிச்சவீடும்

பரடே ஆய்வுகூடத்துக்குள் அடைபட்ட மனிதர் அல்லர். 1844 இல் இங்கிலாந்தின் ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிப்பில் 95 பேர், சிறுவர்கள் உட்பட, இறந்தார்கள். அரசு அவரையும் புவியியலாளர் சார்ள்ஸ் லயலையும் விசாரணைக்கு அனுப்பியது. சுரங்கத்துக்குள் காற்றோட்டத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று பரடே கேட்க, அதிகாரி ஒரு சிட்டிகை வெடிமருந்தை எடுத்து மெழுகுதிரிச் சுடரில் தூவிப் புகை போகும் திசையைக் காட்டினாராம். மிச்ச மருந்துப் பை எங்கே என்று விசாரித்தபோதுதான், தான் உட்கார்ந்திருப்பதே அதன் மேல் என்பது பரடேக்குத் தெரிய வந்ததாம். ஆபத்தோடு நாளும் பழகியவர்களுக்கு ஆபத்து கண்ணில் படாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. நிலக்கரித் தூசியும் வெடிப்பைப் பெருக்கியது என்று இருவரும் அறிக்கை கொடுத்தார்கள். பல தசாப்தங்களாக அதை எவரும் பொருட்படுத்தவில்லை. சுரங்கங்கள் தொடர்ந்து வெடித்தன.

1836 முதல் ஏறத்தாழ முப்பது வருடங்கள் இங்கிலாந்தின் வெளிச்சவீடுகளைப் பராமரித்த ட்ரினிட்டி ஹவுஸுக்கு அவர் விஞ்ஞான ஆலோசகராக இருந்தார். விளக்குப் புகை கண்ணாடியில் படிந்து வெளிச்சத்தை மறைக்காமல் வெளியேற ஒரு புகைபோக்கியை வடிவமைத்தார். 1858 டிசெம்பரில் சவுத் ஃபோர்லண்ட் வெளிச்சவீட்டில் மின்விளக்கு எரிந்தபோது, அதை இயக்கிய பொறி, 1831 இல் அவர் கண்டுபிடித்த தூண்டலின் பிள்ளை. அதைப் பார்வையிட 1860 பெப்ரவரியில், 68 வயதில், பாதை பனியால் அடைபட்டிருக்க, வேலிகளையும் மதில்களையும் ஏறிக் கடந்து போனார். அவர் காலமான சில ஆண்டுகளின் பின், இலங்கையின் தென்கிழக்குக் கடலில் பாறைகளின் மேல் எழுந்த பெரிய பாசஸ், சிறிய பாசஸ் வெளிச்சவீடுகளும் அதே நிறுவனத்தின் கைவேலைதான்.

வேண்டாம் என்றவர்

சாண்டிமனியர் என்ற சிறிய கிறிஸ்தவ சபையின் பற்றுள்ள உறுப்பினர் பரடே. 1821 இல் மணந்த சாரா பர்னார்டும் அதே சபை. பிள்ளைகள் இல்லை. நைற் பட்டத்தை வேண்டாம் என்றார். ரோயல் சொசைட்டியின் தலைவர் பதவியை இரண்டு முறை மறுத்தார். பிள்ளைகளுக்காக நடந்த நத்தார் விரிவுரைகளை 19 ஆண்டுகள் தானே நடத்தினார். உயர் கணிதம் அவருக்குத் தெரியாது. அவர் வரைந்த விசைக்கோடுகளை மக்ஸ்வெல் சமன்பாடுகளாக்கினார். கடைசிக் காலத்தில் நினைவு தப்பத் தொடங்கியது. 1867 ஆகஸ்ட் 25 ஆம் திகதி ஹம்டன் கோர்ட்டில், கதிரையில் இருந்தபடியே உயிர் பிரிந்தது. ஹைகேட் மயானத்தில் எளிய கல்லொன்றின் கீழ் கிடக்கிறார்.

அவர் விட்டுப்போன வளையம் இன்றும் லண்டனில் ரோயல் இன்ஸ்டிடியூசனில் இருக்கிறது. அதில் சுற்றிய பருத்தித் துணியும் அப்படியே இருக்கிறது. மின்சாரத்தைக் கண்டு வியந்த அதே கைதான், முதலில் பொறுமையாக உட்கார்ந்து அந்தத் துணியைச் சுற்றியது. வேகமாக முடிக்க வேண்டும் என்று அந்த அடுக்கைத் தவிர்த்திருந்தால் ஊசி துள்ளியிராது.

குறிகட்டுவானில் இருந்து புறப்படும் படகுகளில் இனி மின்பெட்டிகளும் போகும். அவற்றைப் பொருத்துவோரிடமும் பராமரிப்போரிடமும் ஊர் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. புவி இணைப்பின் தடையைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள்? அந்த அளவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? ட்ரிப் சுவிட்ச்சின் சோதனைப் பொத்தானை யார் அழுத்திப் பார்க்கிறார்கள்? பூட்டும் திறப்பும் யாரிடம்? இவற்றைக் கேட்க எந்தப் பட்டமும் வேண்டாம். புத்தகம் கட்டிய பையனிடமும் பட்டம் இருக்கவில்லை.